பட்டியலில் முதலில் எதை எழுதுவது?

இன்ஜினியரிங் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்தது நல்லதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு, பழைய முறையே தேவலை என்கிறார் போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காரைக்குடிப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் இப்போதும் பிள்ளைகளும் பெற்றோரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வு இருந்த காலத்தைப் பார்த்திருக்கிறேன். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்று ஆனதையும் பார்த்தேன். கவுன்சலிங்குக்குச் சென்னை கிண்டிக்கு நேரில் போய் நின்ற காலத்தையும், 2018-ல் எல்லாம் இணையத்துக்கு மாறியதையும் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்திலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு பாரம் குறைந்திருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் பக்கத்து ஊரான ஆத்தங்குடிப் பிள்ளை ஒருத்திக்கு நடந்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதில் மோசடி இல்லை. கம்ப்யூட்டர் பழுதும் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது, அவளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் மட்டும் கிடைக்காமல் போனது. நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ விதி சார்" என்றார்கள். விதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கிண்டிக்குப் போன காலம்

ஒற்றைச் சாளர முறைக் கவுன்சலிங் அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்த காலத்தில் பிள்ளைகளோடு நானும் போயிருக்கிறேன். இங்கிருந்து ராத்திரி பஸ். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் கூட வருபவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கி, அங்கேயே பல் விளக்கி முகம் கழுவி, கிண்டிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கேட்டிலேயே தனியார் கல்லூரி ஆட்கள் கையில் நோட்டீஸைத் திணிப்பார்கள். உள்ளே மரத்தடியில் துண்டை விரித்து ஊர் ஊராக ஜனம் உட்கார்ந்திருக்கும். பெரிய திரையில் கல்லூரிப் பெயரும், ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று பிரிவுவாரியாக மிச்சமிருக்கும் இடங்களும் ஓடும். அதைப் பார்த்து ஒரு அப்பா நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதி முடிப்பதற்குள் எண்ணிக்கை மாறிவிடும். அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

கூலி வேலைக்காரருக்கு இது இரண்டு நாள் சம்பளம். பெண் பிள்ளை என்றால் அம்மா தனியாகக் கூட்டிப் போகப் பயப்படுவார், மாமாவோ சித்தப்பாவோ கூட வர வேண்டும். அந்தச் செலவுக்குத் தோட்டை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் ஆன்லைன் நல்லது என்கிறேன்.

ஆனால் அந்த ஹாலில் ஒரு வசதி இருந்தது. உங்கள் ரேங்க் வரும் நேரத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். அந்த நிமிடத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவில் இடம் இருக்கிறது என்பது கண் முன்னால் தெரியும். இருப்பதில் ஒன்றைக் காட்டி இது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனைக்கே அங்கே வேலை இல்லை. கிடைக்காதது திரையிலேயே இருக்காது.

ஆன்லைனில் கேள்வியே வேறு. நானூறுக்கு மேல் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரிவுகள். எத்தனை வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். ரேங்க் வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சில ரவுண்டுகளாக நடத்துகிறார்கள், ஒவ்வொரு ரவுண்டுக்கும் இப்போதெல்லாம் மூன்று நாள் அவகாசம். எல்லா இடமும் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எது முதலில், எது இரண்டாவது, எது நாற்பதாவது என்று எழுத வேண்டும். நேரம் முடிந்ததும் பட்டியல் பூட்டிக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, அவருக்கு உரிய இடஒதுக்கீட்டுப் பிரிவில் முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்கும். இருப்பதில் ஒன்றைக் காட்டுவதற்கும், மனதில் உள்ளதையெல்லாம் வரிசைப்படுத்துவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்த இரண்டாவது வேலையை நம் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு முன் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் செய்திருக்க மாட்டார்கள். பெற்றவர்களும்தான்.

ஆத்தங்குடிக் கொட்டகையில்

அந்தப் பிள்ளையின் அப்பா ஆத்தங்குடியில் கல் போடுகிறவர். உலகமெல்லாம் டைல் என்று சொன்னாலும் அங்கே அதற்குப் பெயர் கல்தான். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிறவள் இவள். முதல் பட்டதாரிச் சான்றிதழெல்லாம் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். கணக்கில் நல்ல மார்க். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு இல்லை, பொதுக் கவுன்சலிங்தான். அவள் ஆசைப்பட்டது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் இ.இ.இ., அதாவது மின்னியல், மின்னணுப் பொறியியல். அரசுக் கல்லூரி, கட்டணம் குறைவு, பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் அம்மாவுக்கு அதில் கடைசி விஷயம்தான் முக்கியம்.

முதல் ரவுண்டு நடந்தபோது நான் மகள் வீட்டில் சென்னையில் இருந்தேன். ஊருக்கு வந்த அன்று அந்த அப்பாவிடமிருந்து போன். "சார், மொதல்ல போட்டதே வந்துருச்சு சார்! ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். போனேன்.

கொட்டகையில் அவர் வேலையாகத்தான் இருந்தார். கண்ணாடித் துண்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை விட்டுக்கொண்டிருந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஓரத்துக்குக் கறுப்பு. அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நின்றது. அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்ததைத் தூவி, அதற்கு மேல் ஈரச் சிமெண்டை வைத்து வழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். பிள்ளை போனை நீட்டினாள். தற்காலிக ஒதுக்கீடு. கல்லூரிப் பெயர் இருந்தது, பக்கத்தில் விருப்ப வரிசை எண் 1 என்று இருந்தது. அது ஒரு தனியார் கல்லூரி. வீட்டிலிருந்து போய்வர முடியாது, ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும்.

"இதையா முதல்ல போட்ட?" என்று கேட்டேன்.

"பிரவுசிங் சென்டர்ல அந்த அண்ணன்தான் சார் வரிசை போட்டுக் குடுத்தாங்க. போன வருசக் கட்-ஆஃப் பாத்தாங்க. காரைக்குடி கஷ்டம், கெடைக்கிறதை மேல போட்டுக்கம்மான்னாங்க. அது மூணாவதா இருக்கு சார்."

"கெடைக்காததைத் தூக்கி மேல போட்டா, கெடைக்கிறதும் கையை விட்டுப் போயிரும்ல சார்?" என்றார் அப்பா. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நான் அவருக்கு ஒரு உதாரணம் சொன்னேன். சந்தைக்கு ஒருத்தரை அனுப்புறீங்க. வாழைப்பூ இருந்தா வாங்கு, இல்லாட்டி கத்திரிக்காய், அதுவும் இல்லாட்டி பூசணி என்று சீட்டு எழுதிக் கொடுக்குறீங்க. வாழைப்பூ இல்லையென்றால் அவர் கோபித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டார், கத்திரிக்காய் வாங்கி வருவார். ஆனால் வாழைப்பூ கிடைக்காது என்று பயந்து கத்திரிக்காயை முதலில் எழுதினால், கடையில் வாழைப்பூ குவிந்து கிடந்தாலும் கத்திரிக்காய்தான் வரும். அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு, "அப்ப காரைக்குடி இருந்துச்சா சார்?" என்றார்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியிடப்படும்போது யார் யாருக்கு எந்த ரேங்க்கில் எந்த இடம் போனது என்று பார்த்துக்கொள்ளலாம். பார்த்தேன். அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவிலேயே, அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்க்குக்கு, காரைக்குடியில் இ.இ.இ. போயிருந்தது.

இதன் பிறகு என்ன செய்ய முடியும் என்று பார்த்தோம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் நகர்வது, வேண்டாமென்று சொல்லி அடுத்த ரவுண்டுக்குப் போவது என்று சில வழிகள் உண்டு. மேலே நகர்வது என்பது உங்கள் பட்டியலில் மேலே இருப்பவற்றுக்குத்தான். அவளுக்கு மேலே ஒன்றும் இல்லை. அவளுக்குக் கிடைத்ததே உச்சி. அடுத்த ரவுண்டு என்றால் மிச்சம் மீதிக்கு நிற்க வேண்டும், கையில் இருப்பதும் போய்விடும். அப்பா அதற்குத் துணியவில்லை. அவரைத் துணியச் சொல்ல நானும் தயாராக இல்லை. ஏற்றுக்கொண்டு சேர்வது என்பதை அவளே அழுத்தினாள்.

என்னை உறுத்துவது அதற்கு அடுத்த விஷயம். இந்தக் கவுன்சலிங் எப்படி நடந்தது என்று நாளை யாராவது கணக்கு எடுத்தால், முதல் விருப்பமே கிடைத்தவர்கள் வரிசையில் அவளும் இருப்பாள். அவளைப் போல இன்னும் எத்தனை பேர் அந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஹாலில் ஒருவர் தப்பான கல்லூரியை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் "என்ன இப்படிப் பண்ணிட்டே" என்று கேட்பார். இங்கே திரை வாழ்த்து சொல்கிறது. குறை இருப்பது யாருக்கும் தெரியாதபோது அதைச் சரி செய்யவும் யாரும் வர மாட்டார்கள்.

தெரியாதது யாருக்கு?

அந்த பிரவுசிங் சென்டர் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. போய்ப் பேசினேன். அவரும் டிப்ளமோ படித்தவர்தான். கவுன்சலிங் நேரத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை கூட்டம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை மணி நேரம் கொடுத்தாலே பெரிய விஷயம். பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று உண்மையான அக்கறையோடுதான் அவர் அப்படி வரிசை போடுகிறார். வரிசை எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அக்கறை இருந்தும் இப்படி நடக்கிறது என்றால், தவறு எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

இந்த ஊர் மண்ணில் நின்று யோசித்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது. 1947-ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியபோது கட்டடம்கூடக் கிடையாது, காந்தி மாளிகையில்தான் வகுப்புகள் நடந்தன. மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் கொடுத்தார். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. 1957-ல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே போய்விட்டார். பட்டணத்துக்குப் போக முடியாத பிள்ளை படிக்கட்டும் என்று கல்லூரியை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுபது வருடம் கழித்து, அந்த வாசலுக்கு டவுன் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய ஒரு பிள்ளை, மார்க்கும் இருந்து, இடமும் இருந்து, மூன்றாவது வரியில் எழுதியதால் உள்ளே வர முடியவில்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நடப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2020-லிருந்து அங்கும் விண்ணப்பம் ஆன்லைன்தான். ஆனால் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில். அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் சேர்க்கை நாளில் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு பிள்ளை பேராசிரியர் முன்னால் நிற்கிறாள். வேதியியல் முடிந்துவிட்டது, கணிதம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு நிமிடம் யோசிக்கிறாள், சொல்கிறாள். விண்ணப்பத்துக்கு மட்டும் இணையம், முடிவுக்கு மனிதர்கள். பொறியியலுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே வரிசை என்பதால் இப்படிச் செய்ய முடியாது, சரி. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வேறு எந்த வழியிலாவது கொடுத்தாக வேண்டும்.

வகுப்பறையில் ஒரு கவுன்சலிங்

போன வருடம் பொதுத்தேர்வு முடிந்த கையோடு எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். பிளஸ் டூ கணக்குப் பிரிவுப் பிள்ளைகளை ஒரு மத்தியானம் கூப்பிட்டுத் தாருங்கள் என்றேன். அவர் கூப்பிட்டதோடு நிற்காமல் தானும் வந்து உட்கார்ந்தார்.

கரும்பலகையில் மூன்று கல்லூரிகளுக்கு மரத்தின் பெயர் வைத்தேன். ஆலமரம், அரசமரம், வேம்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு இடம். எட்டுப் பிள்ளைகளை முன்னால் வரச் சொல்லி, ஒரு டிபன் டப்பாவில் ரேங்க் சீட்டுகளைக் குலுக்கி எடுக்கச் சொன்னேன். எல்லாரும் அவரவர் விருப்ப வரிசையைத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். தலைமை ஆசிரியைதான் கம்ப்யூட்டர். முதல் ரேங்க்கின் தாளைப் பிரித்தார், ஆலமரம். இரண்டாவது, அரசமரம். மூன்றாவது ரேங்க் ஒரு பையன். அவனுக்கு ஆலமரம்தான் வேண்டும் என்று வகுப்புக்கே தெரியும், முதலிலேயே சத்தமாகச் சொல்லியிருந்தான். ஆனால் ஆலமரத்தில் கூட்டம் இருக்கும் என்று பயந்து வேம்பை முதலில் எழுதியிருந்தான். வேம்பு கொடுக்கப்பட்டது. நாலாவது ரேங்க் ஒரு பெண். அவள் தாளில் முதலில் ஆலமரம், அதில் இன்னும் ஒரு இடம் இருந்தது. அவளுக்குப் போனது.

பையன் எழுந்துவிட்டான். "டீச்சர், அவளுக்கு முன்னாடி நான்ல வந்தேன்!"

"நீதான் அதை முதல்ல கேக்கவே இல்லையேப்பா" என்றார் தலைமை ஆசிரியை.

வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, "அப்ப பயப்படாம எழுதலாமா சார்?" என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். ஆசைப்படுவதை ஆசைப்படும் வரிசையில் எழுது, கிடைக்குமா என்று பார்க்கும் வேலை கம்ப்யூட்டருடையது. ஆனால் கீழே வரைக்கும் எழுது, பட்டியலைச் சின்னதாக நிறுத்திவிடாதே. போகவே மாட்டேன் என்கிற கல்லூரியை மட்டும் எந்த வரியிலும் எழுதாதே. இந்த மூன்றுதான் விஷயம். இதைச் சொல்ல அரை நாள்கூட ஆகவில்லை.

இதை ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் கையில் விட்டுவிடக் கூடாது. 2019-லிருந்து கலந்தாய்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அதன் இணையதளத்திலேயே ரேங்க் பட்டியலுக்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகைக் கவுன்சலிங் நடத்தலாம். போன வருடத்து இடங்களை வைத்து, இன்று இப்படி எழுதினால் உனக்கு இது கிடைத்திருக்கும் என்று காட்டலாம். பட்டியலைப் பூட்டும் முன், "இந்த இரண்டுமே கிடைத்தால் எதில் சேர்வாய்?" என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டாலே பாதி பேர் வரிசையை மாற்றிவிடுவார்கள். சான்றிதழ் சரிபார்க்க உதவி மையங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள், அங்கே பொறுமையாகப் பேசும் நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள். சான்றிதழைப் பார்க்கிற அதே மேசையில் விருப்பப் பட்டியலையும் ஒரு கண் பார்க்கச் சொல்லலாம். எதை எழுது என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசை என்றால் என்ன என்று மட்டும் சொன்னால் போதும்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் இதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்கிறான். தளத்தை நன்றாக வடிவமைத்தாலே போதும், ஆள் வைத்துச் சொல்லித்தருவதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது என்கிறான். நான் மறுக்கிறேன். கையில் போன் இருந்தும், அந்தத் திரையில் இருப்பதைத் தன் பேச்சாக எடுத்துக்கொள்ளாத வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆத்தங்குடி அப்பாவுக்கு எல்லா விளக்கமும் அந்தத் தளத்தில் எழுத்தில் இருந்திருக்கலாம். அவருக்குப் புரிந்தது வாழைப்பூவைப் பற்றிப் பேசியபோதுதான்.

அதனால் போன வருடம் முதல் ரவுண்டு நடந்த மூன்று நாளும் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபைச் சாயங்காலத்தில் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியை ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டர் டீச்சரும் நானும் இருந்தோம். பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்தார்கள். பிரவுசிங் சென்டர் தம்பியும் கடையைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டு வந்து கேட்டுவிட்டுப் போனார். பட்டியலைப் பிள்ளையே தட்டச்சு செய்ய வேண்டும், நாங்கள் மவுஸைத் தொட மாட்டோம் என்று மட்டும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இந்த வருடமும் திறக்கிறோம். தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் இரண்டு பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். ஒன்றில் சரி என்றுவிட்டார்கள், இன்னொன்றில் நிர்வாகத்திடம் பேசிச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.